நாவுலயில் பீட்சா இல்லை

ரொறன்ரோவில் வாழும் பழைய நண்பர் ஒருவர், தமது குடும்பத்தோடு இலங்கை வந்து திரும்பியபின் எனக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வானில் போயிருக்கிறார்கள். மாத்தளையைத் தாண்டியதும் பிள்ளைகளுக்குப் பசி. நாவுலச் சந்தியில் வானை நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். "ஒரு பீட்சாக் கடை கூட இல்லையடா. கொத்துரொட்டிக் கடைதான் இருந்தது. அது எங்கே தின்றாலும் ஒன்றுதானே என்று விட்டுவிட்டோம்" என்று எழுதுகிறார். பின்னர், பஸ் வண்டிகள் வரிசையாக நிற்கும் ஒரு குளிரூட்டிய உணவகத்தில், ஆறிப்போன சோற்றுக்கு அறாவிலை கொடுத்துவிட்டு நாட்டைத் திட்டியபடியே வடக்கே போயிருக்கிறார்.

பசியோடு எழுதிய வரிகளுக்காக நண்பரோடு நான் சண்டைக்குப் போகப்போவதில்லை. ஆனால் "எங்கே தின்றாலும் ஒன்றுதானே" என்ற அந்த ஒரு வரியை மட்டும் என்னால் விட முடியவில்லை. ஏனெனில் இதே நண்பர், நான் கனடா சென்றிருந்தபோது, பீட்சா பற்றி எனக்கு முக்கால் மணி நேரம் விரிவுரை நிகழ்த்தியவர். நேப்பிள்ஸ் பீட்சா வேறு, நியூயோர்க் பீட்சா வேறு, சிக்காகோவினர் செய்வது பீட்சாவே அல்ல என்பது அவருடைய திடமான கொள்கை.

அவர் சொன்னதில் பிழை ஏதுமில்லை. நேப்பிள்ஸ்காரர் 1984இல் தங்கள் பீட்சாவுக்கென்று ஒரு சங்கமே அமைத்தார்கள். 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் செய்முறைக்குப் பாதுகாப்பு வழங்கியது. விட்டம் 35 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது. விறகடுப்பின் வெப்பம் ஏறத்தாழ 485 பாகை. வேகும் நேரம் ஒன்று முதல் ஒன்றரை நிமிடம். 2017இல் யுனெஸ்கோ அந்தப் பீட்சாக்காரரின் கைத்தொழிலை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அமெரிக்காவிலோ ஊருக்கு ஊர் வேறு வழக்கு. நியூயோர்க்கில் 1905இலிருந்து நிலக்கரி அடுப்பு. சிக்காகோவில் 1943இல் தொடங்கிய ஆழ்தட்டுப் பீட்சாவைக் கத்தியும் முள்ளும் இல்லாமல் உண்ண முடியாது. டிட்ரொயிற்றில் 1946இல் மோட்டார்த் தொழிற்சாலைகளுக்கெனச் செய்த உருக்குத் தட்டுகளிலேயே சதுரமாகச் சுடத் தொடங்கினார்கள். அன்னாசித் துண்டு போட்ட பீட்சா 1962இல் ஒன்ராறியோவின் சாத்தம் நகரில், கிரேக்கத்திலிருந்து குடியேறிய ஒருவர் செய்து பார்த்த வேலை. அதன் பெயர் மட்டும் ஹவாய்! 2017இல் ஐஸ்லாந்தின் ஜனாதிபதி, தம்மால் முடிந்தால் பீட்சாவில் அன்னாசியைத் தடை செய்வேன் என்று பள்ளி மாணவரிடம் விளையாட்டாகச் சொல்லப்போய், பிறகு விளக்க அறிக்கை விட வேண்டியிருந்தது.

மாவும் தண்ணீரும் உப்பும் சேர்ந்த ஒரு பண்டத்துக்கு இத்தனை ஊர், இத்தனை சண்டை, இத்தனை பெருமை. நல்லது. அதே மாவும் தண்ணீரும் உப்பும் நம்முடைய தெருவில் இரும்புக் கல்லின்மேல் விழுந்தால் மட்டும் அது "எங்கே தின்றாலும் ஒன்று" ஆகிவிடுவது எப்படி?

முதலில் ரொட்டியையே எடுத்துக்கொள்வோம். இலங்கையில் கொத்துக்கு ஆதாரம் கோதம்ப ரொட்டி. வீச்சுரொட்டி என்றும் சொல்வோம். எண்ணெயில் ஊறிய மாருண்டையைத் தட்டி, வீசி, துணிபோல மெல்லியதாக்கி, மடித்துக் கல்லில் போடுவது. தமிழ்நாட்டுப் பரோட்டா அப்படியன்று. வீசிய மாவைக் கொசுவம் போல மடித்து, சுருட்டி, மறுபடி தட்டிச் சுடுவதால் அதற்கு அடுக்குகள் உண்டு. ஆகவே மதுரையிலோ திருநெல்வேலியிலோ கொத்துப் பரோட்டா உண்டால், பஞ்சுபோன்ற தடித்த துண்டுகள் சால்னாவை உறிஞ்சிக்கொண்டு வாயில் வருகின்றன. தக்காளி, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை எல்லாம் அங்கு முன்னுக்கு நிற்கும். பல கடைகளில் தகடுகூட இல்லை. எவர்சில்வர் தம்ளரைக் கவிழ்த்து வைத்தே குத்திக் கொத்திவிடுகிறார்கள். நம்முடைய கொத்தில் துண்டுகள் நாடாப்போல மெல்லியவை. லீக்ஸ், கோவா, கரட் மூன்றும் அதனுள் மறைந்து நிற்கும். குழம்பு மேலே பூசியதுபோல் இருக்க வேண்டுமேயன்றி ஊறிப்போகக் கூடாது. இரண்டும் இரண்டு உணவுகள். சிக்காகோவும் நேப்பிள்ஸும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம்.

தீவுக்குள்ளே வந்தால் இன்னும் நுட்பம். கிழக்கில், காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்து முஸ்லிம் கடைகளில் மாட்டிறைச்சிக் கொத்துதான் அரசன். அங்கே குழம்பை ஆணம் என்பார்கள். அந்த ஆணத்தில் கறுவாவும் ஏலமும் மணக்கும். தேங்காய்ப்பால் தாராளமாக இருக்கும். உறைப்புப் பின்னால் மெதுவாக வரும். யாழ்ப்பாணத்தில் உறைப்பு முன்னால் வந்து நின்று வணக்கம் சொல்லும். வறுத்தரைத்த கறித்தூளும் ஆட்டிறைச்சியும் சேர்ந்தால் கொத்தின் நிறமே கடும் மண்ணிறமாகிவிடும். புட்டையும் இடியப்பத்தையும் கொத்திப் பார்க்கும் பழக்கமும் இங்கு நன்றாக வேரூன்றியிருக்கிறது. பழைய இடியப்பத்துக்கு இதைவிட மரியாதையான முடிவு வேறில்லை. கொழும்பில் சீஸ் கொத்து. கொள்ளுப்பிட்டியில் பிலாவூஸ் கடைக்கு நள்ளிரவு தாண்டியும் அதற்காகவே கூட்டம் வரும். பாலில் கரைந்த பாற்கட்டி ரொட்டித் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். எனக்கு அது கொத்தாகவே தோன்றுவதில்லை. ஆனால் சிக்காகோ பற்றி நண்பர் சொன்னதும் அதுதானே! பிடிக்காமல் போவதற்குக்கூட வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்காபரோவின் கொத்தையும் ஒரு தனி வழக்காகவே கணக்கிடுவேன். மூவர் உண்ணக்கூடிய அளவை ஒருவருக்கென்று பெட்டியில் அடைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் மறுநாளும் சூடாக்கி உண்ணும்படி செய்கிறார்கள். மறுநாளுக்கும் தாங்க வேண்டும் என்பதால் குழம்பு குறைவு, எண்ணெய் கூடுதல். பனிக்காலத்துக்கு ஏற்ற தர்க்கம்.

இந்த உணவு எங்கே பிறந்தது என்று கேட்டுப் பாருங்கள், கைகலப்பாகிவிடும். மட்டக்களப்பு என்பார் ஒருவர், திருகோணமலை என்பார் இன்னொருவர், மதுரைக்காரர் இருவரையும் பார்த்துச் சிரிப்பார். இந்தச் சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. 1889இல் நேப்பிள்ஸில் மார்கரீட்டா ராணிக்காகச் செய்த பீட்சா என்ற புகழ்பெற்ற கதைக்கே ஆதாரமான கடிதம் போலியாக இருக்கலாம் என்று வரலாற்றாய்வாளர்கள் ஐயம் கிளப்பியிருக்கிறார்கள். அதனால் நேப்பிள்ஸில் ஒரு கடையும் மூடப்படவில்லை.

எனக்கு அக்கறை உள்ள இடம் வேறு. புலம்பெயர் நகரங்களின் விழாக்களிலும் விளம்பரங்களிலும் கொத்துரொட்டியை "ஈழத்தமிழர் பாரம்பரிய உணவு" என்று எழுதி ஒட்டுகிறோம். ஐயா, அந்த ரொட்டியை வீசிப் பழக்கிய கைகள் யாருடையவை? என் இளமைக்காலத்தில், யாழ்ப்பாணத்தில் ரொட்டி வேண்டுமானால் ஐந்துசந்திப் பக்கம் போவோம். கல்லுக்கு முன்னால் நின்றவர் முஸ்லிம், உண்டவர் எல்லோரும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி அந்தத் தெருக்களில் இருந்த மக்களுக்கு விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். வடமாகாணம் முழுவதிலுமிருந்து எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் அந்த மாதத்தில் துரத்தப்பட்டனர். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக்கொட்டில்களில் தங்கினர். ஒரு தலைமுறை அங்கேயே வளர்ந்தது. இரண்டு மணி நேரத்தில் துரத்தப்பட்டவன் ரொட்டிக்கல்லைத் தூக்கிக்கொண்டா போயிருப்பான்? அன்றைக்குப் பத்திரிகைகளில் இருந்த நாங்கள் அதைப்பற்றி எழுதியது போதாது. எழுதியவற்றிலும் மெல்லிய சொற்களையே தேடிப் போட்டோம். அதில் எனக்கும் பங்குண்டு. அந்தக் கைகளை அனுப்பிவிட்டு, அவை செய்த பண்டத்துக்கு மட்டும் "எங்களுடையது" என்று முத்திரை குத்துவதைப் பார்க்கும்போது உணவு தொண்டையில் இறங்க மறுக்கிறது. உங்கள் பெயர்ப்பலகையில் இன்னும் ஒரு சொல்லுக்கு இடமிருக்கிறது. எழுதினால் என்ன குறைந்துவிடும்?

மாவுக்கும் ஒரு வரலாறு உண்டு. இலங்கையில் கோதுமை பயிராவதில்லை. அமெரிக்க உணவுதவிக் காலத்தில் கப்பலில் வந்த மா, பாணாகவும் ரொட்டியாகவும் நம் வயிற்றுக்குள் குடியேறியது. 1977இல் சிங்கப்பூரின் பிரைமா நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்து, 1980இல் திருகோணமலைத் துறைமுகத்தில் மாவரைக்கும் பெரிய ஆலை இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து லொறிகள் ஹபரணை, தம்புள்ளை வழியாகத்தான் உள்நாட்டுக்கு இறங்குகின்றன. ஆகவே நாவுலயின் ரொட்டி என்பது வெளிநாட்டுக் கோதுமை, திருகோணமலை ஆலை, மாத்தளை மிளகு, நுவரெலியா லீக்ஸ் எல்லாம் ஏ-9 வீதியில் சந்தித்துக்கொள்ளும் இடம். "வெள்ளைமாவு விஷம்" என்று எழுதும் அன்பர்கள் இதற்குள் என்னை இழுக்க வேண்டாம். தினமும் கொத்து உண்ணுங்கள் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. இதே அன்பர்கள் பீட்சாவின் மாவு எந்தத் தானியம் என்று ஒருபோதும் கேட்டதில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

பரோட்டாவைத் தாழ்வாக நினைப்பது நம்மோடு நின்ற நோயும் அல்ல. 2020இல் கர்நாடகத்தின் வரித் தீர்ப்பாயம் ஒன்று, பொதிசெய்து விற்கும் பரோட்டா ரொட்டி வகையில் அடங்காது, அதற்கு 18 சதவீத வரி என்றது. சப்பாத்திக்கோ 5 சதவீதம். 2025 செப்டெம்பரில்தான் இரண்டுக்கும் ஒருசேர வரி நீங்கியது. மறுபுறம் சிங்கப்பூரைப் பாருங்கள். நம் ரொட்டியின் உடன்பிறப்பான பிராட்டாவைச் சுடும் தெருக்கடைகள் உட்பட, தன் அங்காடி உணவு மரபு முழுவதையும் 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றிவிட்டது. தெருச் சமையல்காரனுக்குச் சிங்கப்பூர் கூரை போட்டுக் கொடுத்தது. நாம் சுகாதாரப் பரிசோதகரை மட்டும் அனுப்புகிறோம்.

இனி நண்பரின் உண்மையான குறைக்கு வருகிறேன். வழியில் நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பஸ் நிற்கும் இடத்தில் உண்ணாதீர்கள். இதை நான் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன், கேட்பார் இல்லை. தூரப்பயணப் பஸ் சாரதிக்கும் நடத்துநருக்கும் அங்கே சாப்பாடு இலவசம். அதற்காகவே வண்டி அங்கு நிற்கிறது. ஐம்பது பேர் இருபது நிமிடத்துக்கு இறங்குவார்கள். அவர்கள் மறுபடி வரப்போவதில்லை என்பது கடைக்காரருக்குத் தெரியும். சமையல் அந்த அறிவுக்கு ஏற்றபடியே இருக்கும். ஒருமுறை அத்தகைய ஓரிடத்தில், காலையில் கொத்திய கொத்தை மாலையில் எனக்குப் பரிமாறினார்கள். பெயர் வேண்டாம், இந்த வீதியில் அப்படிப்பட்டவை ஒன்றிரண்டு அல்ல. தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் பயணித்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அதற்குப் பதிலாக லொறிகள் நிற்கும் இடத்தைப் பாருங்கள். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றிப்போகும் லொறிச் சாரதி தன் பணத்தில் உண்கிறான். நாளை மறுநாளும் அதே வழியில் வருவான். அவனை ஏமாற்றிப் பிழைக்க எந்தக் கடையாலும் முடியாது.

மாலை நான்கு மணிக்குப் போய் எட்டிப் பாருங்கள். எண்ணெய் பூசிய மாருண்டைகள் தட்டில் ஊறிக்கொண்டிருந்தால் அந்தக் கடையில் ரொட்டி வீசுகிறார்கள் என்று பொருள். கண்ணாடிப் பெட்டியில் விறைத்துப்போன ரொட்டி அடுக்கு மட்டும் இருந்தால், எங்கிருந்தோ வாங்கிவந்தது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. கல்லிலிருந்து அப்போதே இறங்கிய சூட்டு ரொட்டியும் கொத்துக்கு ஆகாது, குழைந்து களியாகிவிடும். அன்றைக்குச் சுட்டு, இரண்டு மணி நேரம் ஆறிய ரொட்டிதான் சரி. நேற்றையது சவ்வு.

குழம்பைத் தனியே ஒரு கரண்டி கேளுங்கள். இறைச்சி வெந்த சட்டியிலிருந்து வந்ததா, நிறமூட்டிய தண்ணீரா என்பது நாக்கில் பட்டவுடன் தெரியும். தயங்கினாலோ, முறைத்தாலோ எழுந்து வந்துவிடலாம்.

தகட்டுச் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். "டக்கு டக்கு டக்குடக்கு" என்ற அந்தத் தாளத்தைப் பற்றிக் கவிதை எழுதாத இலங்கைத் தமிழன் இல்லை, நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தத் தாளத்தில் பாதி, தெருவில் போகிறவரை அழைக்கும் மணியோசை. நல்ல கொத்தனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியும். சத்தத்துக்காக மேலும் ஒரு நிமிடம் கொத்தினால் ரொட்டி தூளாகும், முட்டை மணலாகும்.

விலையைச் சொல்லிவிட்டுக் கொத்தச் சொல்லுங்கள். 2024 ஏப்ரலில் கொழும்பு புதுக்கடைத் தெருவில் வெளிநாட்டுப் பயணி ஒருவரிடம் ஒரு கொத்துக்கு 1,900 ரூபாய் கேட்டு மிரட்டியவர் கைதாகி, அந்தக் காணொளி உலகமெல்லாம் சுற்றியது. அதைப் பகிர்ந்தவர்களுள் எத்தனைபேர், ஒழுங்கான விலைக்கு ஒழுங்கான கொத்து கொடுக்கும் கடை ஒன்றைப்பற்றி ஒரு வரி எழுதியிருப்பார்கள்? நம் ஊடகங்களில் உணவகம் பற்றி வருபவை இரண்டே வகை: ஒன்று விளம்பரம், மற்றது பொலிஸ் செய்தி. பீட்சா நிறுவனங்கள் 1993இலும் 2011இலும் கொழும்புக்கு வந்தபோது நாங்கள் முழுப்பக்கம் எழுதினோம். ரொட்டிக் கடைக்கு ஒரு பத்தி எழுதியதாக எனக்கு நினைவில்லை. 2022இல் சமையல் எரிவாயு கிடையாமல், மா விலை ஏறி, வீதியோரக் கடைகள் வரிசையாக மூடப்பட்டபோதும், பெயர் தெரியாத அந்தக் கடைகளுக்காக யார் கவலைப்படுவது? எழுதப்படாதது மூடப்பட்டாலும் தெரிவதில்லை.

நாவுலக்கு வருவோம். கடிதம் கிடைத்த இரண்டு வாரத்தில் எனக்கு அந்த வழியே போகும் வேலை ஒன்று வாய்த்தது. நாலந்தவில் இறங்கி, கெடிகேயையும் மறுபடி பார்த்தேன். பல்லவர் பாணிக் கற்கோயிலின் உடலும் பௌத்த விகாரையின் உயிருமாக, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நிற்பது. போவதென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிடாதபடி, 1980ஆம் ஆண்டளவில் கல் கல்லாகப் பெயர்த்து மேட்டில் மறுபடி கட்டினார்கள். இது உங்களுடையதா எங்களுடையதா என்று அதனிடம் கேட்டால் விடை சொல்லாது.

அங்கிருந்து நாவுலச் சந்தி அதிக தூரமில்லை. லொறிகள் நின்ற இடத்தில் நானும் இறங்கினேன். நாலு மேசை, தகரக் கூரை, முன்னால் கல். மாருண்டைகள் இருந்தன. கல்லுக்கு முன்னால் நின்றவர் சிங்களவர், முப்பத்தைந்து வயதிருக்கலாம். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் தொடங்கினேன். அவர் தமிழில் பதில் சொன்னார். மாத்தளையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் பதினான்கு வயதில் கோப்பை கழுவச் சேர்ந்தவராம். தமிழும் ரொட்டியும் அங்கே கற்றவை. குழம்பை அவரும் ஆணம் என்றே சொன்னார்.

கோழிக்கொத்து கேட்டேன். மாத்தளை மிளகு முன்னால் நின்றது. மிளகாய்த்தூள் அடக்கமாகப் பின்னால். தேங்காய்ப்பால் கிழக்கைப் போல் அவ்வளவு இல்லை. லீக்ஸ் வேகாமலும் கருகாமலும், கடித்தால் சிறிது இனிப்பாக. சரியான நேரத்தில் தகடு நின்றிருந்தது. காத்தான்குடியிலும் இல்லை, கொழும்பிலும் இல்லை, இந்த மிளகு மணம். இதற்கு மாத்தளை வழக்கு என்று பெயர் வைக்க எனக்கு ஆசை. அதற்கு இன்னும் பத்துக் கடைகளிலாவது உண்டு பார்க்க வேண்டும். வயதும் வயிறும் இடம் கொடுத்தால் செய்வேன்.

"நல்லா இருக்கு மல்லி" என்றேன்.

"அடுத்த வருஷம் நான் இருக்க மாட்டேன் மாத்தயா" என்றார். மனைவியின் ஊர் வென்னப்புவ. அவளுடைய அண்ணன் நேப்பிள்ஸில் ஒரு பீட்சாக் கடையில் மாப் பிசைகிறாராம். கடிதங்கள் போயிருக்கின்றன, விசா வந்தால் இவரும் போய்விடுவார். "அங்கேயும் மாதானே மாத்தயா. கை பழகின வேலைதான்."

கடையை யார் பார்ப்பது என்று கேட்டேன். மேசை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பையனைக் காட்டினார்.

"இவன் ரொட்டி நல்லா வீசுவான். ஆணம் இன்னும் பழகேல்ல."